எகிப்து ராஜா வீட்டு வாரிசு சண்டைய ஒரே மாஜோங் பேப்பர்ல வரையறது எப்படி

எங்க அண்ணன் மக பாரம் ஒன்னு படிக்கிறா, செஜாரா புக்குல எகிப்து வந்ததுல இருந்து "சித்தப்பா, இதுல யாரு யாருக்கு மகன்னே தெரியல"ன்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு சுங்கை சிப்புட் டவுனுக்கு போயி மாஜோங் பேப்பரும் மூனு கலர் மார்க்கரும் வாங்கி, லயத்து வீட்டு வாசல்ல விரிச்சி உக்காந்தோம். நீங்களும் செஞ்சி பாருங்க.

மொதல்ல ராஜா பேர எழுதாதீங்க, பொம்பளைங்க பேர எழுதுங்க. அங்க ராஜாவுக்கு பொண்டாட்டி நெறைய, பட்டத்து ராணிக்கு ஆம்பள புள்ள இல்லன்னா சின்ன வீட்டு புள்ள மேல வந்துடும், சண்டையே அங்கதான் கெளம்புது. ராணி ஹட்செப்சூட்ட பாருங்க, அப்பா முதலாம் துட்மோஸ், புருஷன் ரெண்டாம் துட்மோஸ், அவரு அவங்களுக்கே வேற அம்மா வயித்து தம்பி (ஐயய்யோன்னு கத்துனா எங்க புள்ள, நமக்கு முறையே வராதுல்ல). கி.மு. 1479 வாக்குல அவரு செத்ததும் பட்டம் இசெட்ங்கிற இன்னொரு பொண்டாட்டி பெத்த சின்ன பையனுக்கு போச்சி, அவன்தான் மூனாம் துட்மோஸ். அந்த பையனுக்கு ஹட்செப்சூட் அத்தையும்தான், பெரியம்மாவும்தான், ரெண்டு கோடும் போடுங்க. மொதல்ல பையனுக்காக பாத்துக்கிறேன்னு உக்காந்தவங்க, சில வருஷத்துல தானே பட்டம் கட்டிக்கிட்டு, சிலையில பொய் தாடியெல்லாம் வச்சி, 20 வருஷத்துக்கு மேல அதிகாரத்துல இருந்தாங்க.

அடுத்தது, கடைசி காரியம் யாரு செஞ்சான்னு பச்சை மார்க்கர்ல குறிங்க. நம்ம சனத்துல கொள்ளி யாரு வச்சான்னு பாத்தாலே பாதி சங்கதி தெரிஞ்சிடும்ல, அங்கயும் அப்படித்தான் லா. சின்ன வயசு ராஜா துட்டன்காமுன் 19 வயசு வாக்குல போயிட்டான், வாரிசு இல்ல, 1922ல தொறந்த கல்லறையில அவன்கூட ரெண்டு குறைமாச புள்ளைங்க உடம்புதான் இருந்திச்சி. சுவத்து ஓவியத்துல சிறுத்தை தோல் போத்தி, தலையில ராஜா கிரீடத்தோட, மம்மி வாய்கிட்ட கருவி நீட்டிக்கிட்டு ஒரு ஆளு நிக்கிறாரு பாருங்க, அதான் ஆய். மகன் இல்ல, அரமனையில ரொம்ப நாள் இருந்த பெரிய மனுசன். காரியம் செஞ்ச மாதிரி வரைஞ்சிட்டாரு, அடுத்த ராஜாவும் ஆயிட்டாரு! ஆனா நாலு வருஷம்தான், அப்புறம் தளபதி ஹொரம்ஹெப் ஏறிட்டாரு.

மூனாவது சிவப்பு மார்க்கர், பேர செதுக்கி அழிச்சவங்களுக்கு. ஹட்செப்சூட் பேர மூனாம் துட்மோஸ் உடனே அழிக்கல, அவங்க செத்து 20 வருஷம் வாக்குல ஆனப்புறம்தான், அதனால வெறும் கோவம்னு எழுதிடாதீங்க, தன் மகனுக்கு பட்டம் தடங்கல் இல்லாம போகணும்னு செஞ்சிருக்கலாம்னுதான் பல பேரு நெனைக்கிறாங்க. அபிடோஸ் கோயில் ராஜா பட்டியல அப்படியே காப்பி அடிக்காதீங்க, அதுல மூனாம் அமன்ஹொதெப்புக்கு அப்புறம் நேரா ஹொரம்ஹெப், நடுவுல துட்டன்காமுன், ஆய் யாருமே கெடையாது.

கடைசியா மூலையில கொஞ்சம் எடம் விடுங்க, மூனாம் ராம்செஸுக்கு. கி.மு. 1155 வாக்குல தீயேங்கிற ராணி தன் மகன் பென்டவெரேவ ஏத்தி விட அந்தப்புரத்துலயே சதி பண்ணாங்க, மெழுகு பொம்மை செஞ்சி சூனியம் வரைக்கும் போயிருக்காங்க. வழக்கு விவரம் பப்பைரஸ்ல (அவங்க நாணல்ல செஞ்ச பேப்பர்) அப்படியே இருக்கு, இதுல கூத்து என்னன்னா கேஸ் விசாரிச்சவங்கள்ல சில பேரே குத்தம் செஞ்ச பொம்பளைங்களோட சேந்து குடிச்சி கும்மாளம் போட்டு, மூக்கும் காதும் அறுபட்டாங்க. 2012ல மம்மிய ஸ்கேன் பண்ண முடிவு வந்தப்ப ராஜா கழுத்து ஆழமா அறுந்திருந்திச்சி. ஆனா பட்டம் பென்டவெரேவுக்கு இல்ல, நாலாம் ராம்செஸுக்குத்தான் போச்சி.

கிளியோபாட்ராவ இதே பேப்பர்ல திணிக்காதீங்க. அந்த வீட்டுல ராஜா எல்லாருக்கும் தாலமினுதான் பேரு, அதுக்கு வேற பேப்பர் வாங்குங்க.