குட்டி தேறாத பட்டியைச் சரிசெய்த விதம்

எங்கள் பட்டியில் கன்னி ஆடுகள்தான். கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கரிசல் காட்டு வெயிலுக்கு இதைவிடத் தோதான இனம் இல்லை என்பேன். ஆனால் ஒரு கட்டத்தில், இரட்டைக் குட்டி போட்டாலும் ஒன்றுதான் தேறியது. தீவனத்தைக் கூட்டியும் பலனில்லை.

சரி, தாயைப் பார்ப்போம் என்று, குட்டி ஊட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் மடியையும் தடவினேன். நல்ல மடி ஊட்டியதும் துவண்டு சுருங்கும். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் கல்லாகக் கிடந்தது. எப்போதோ வந்த மடிநோயின் மிச்சம். பீய்ச்சினால் சொட்டுகூட வரவில்லை. இரண்டு குட்டிக்கு ஒரு காம்பு எப்படிப் போதும்? அவற்றைக் கழித்துவிட்டேன்.

அப்புறம் எட்டயபுரம் சந்தையில் ஆடு பிடிக்கும்போது முதலில் மடி, பிறகு பல். கீழ்த்தாடையில் நாலு பல் விழுந்து முளைத்திருந்தால் ஏறக்குறைய 2 வயது, அதைத்தான் எடுப்பேன். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். உள்ளே சிவந்திருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பெரும்பாலும் குடற்புழு ரத்தம் குடிக்கிறது. சந்தைக்காரர் அவசரப்படுத்தினாலும் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் கால் பார்க்காமல் விலை பேசுவதில்லை.

கிடாவை மட்டும் சந்தையில் வாங்குவதில்லை. தாயின் மடியைப் பார்க்க முடிகிற பட்டியில், இரட்டையில் பிறந்ததாக, விதை இரண்டும் சமமாக இறங்கியதாகத் தேடுகிறேன். தன் மகள்களோடே அது சேர்ந்துவிடக் கூடாது என்று, அதன் பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிடுகிறேன். இப்போது இரட்டைக் குட்டிகள் பெரும்பாலும் இரண்டுமே தேறுகின்றன.