டாலிஸ்மென் என்று ஒரு சொல் கிடையாது: ஸ்கிராபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைத்துப் புள்ளி சேர்க்கிற ஸ்கிராபிள் ஆட்டம் பழக வருகிற பிள்ளைகளோடு வாராவாரம் உட்காருகிறேன். ஆரம்பத்தில் நாங்களெல்லாம் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. ஸ்பெல்லிங் பிழை, புள்ளி கூட்டுவதில் பிழை எல்லாம் ஆட ஆடத் தானே சரியாகிவிடும், அதை விடுங்கள். ஒரே எழுத்துத் தொடர் உள்ள சொற்களை மொத்தமாக ஒரு கூட்டமாக நினைத்துக்கொள்கிறார்களே, புள்ளி போவது அங்கேதான்.

வாலைப் பார்த்து இனம் பிரிப்பது

எம்-ஏ-என் என்று முடியும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்மேன் போஸ்ட்மென் ஆகிறது, ஃபயர்மேன் ஃபயர்மென் ஆகிறது, அப்போ டாலிஸ்மன் டாலிஸ்மென்தானே என்று இறக்கிவிடுகிறார்கள். இல்லை. தாயத்து போன்ற காப்புப் பொருளைக் குறிக்கும் அந்தச் சொல், கிரேக்கத்திலிருந்து அரபு வழியாக வந்தது, அதற்குள் மனிதன் யாரும் இல்லை. பன்மை டாலிஸ்மன்ஸ் மட்டும்தான். ஷாமன் (ஆவிகளோடு பேசும் பூசாரி) சைபீரியாவின் துங்கூசிய மொழியிலிருந்து வந்தது, ஆட்டமன் உஸ்மான் என்ற பெயரிலிருந்து, ஹ்யூமன்கூட லத்தீன். எல்லாவற்றுக்கும் எஸ்தான்.

போன மாதம் ஒரு பையன் கையில் ஏ, இ, ஐ, எம், என், எஸ், டி. அருமையான ரேக், அதாவது ஆட்டக்காரர் கையில் இருக்கும் ஏழு எழுத்துக் கட்டைகள் (டைல்கள்). ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் கூடுதலாக 50 புள்ளி. பலகையில் ஏற்கெனவே இருந்த 'எல்' எழுத்தை மூன்றாவது எழுத்தாக வைத்து டாலிஸ்மென் என்று இறக்கினான். எதிரே இருந்த பெண் உடனே சேலஞ்ச் செய்தாள், அதாவது அப்படி ஒரு சொல் இல்லை என்று எதிர்த்தாள். ஏழு டைலும் ரேக்குக்குத் திரும்பின, புள்ளி பூஜ்யம், முறையும் போச்சு. அதைவிட மோசம், அவன் கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மொத்தமாகத் தெரிந்துவிட்டது. அடுத்த முறையில் அந்த எல் பக்கத்தையே அடைத்துவிட்டாள்.

எனக்கு இன்னும் ஆறாதது எது தெரியுமா? அதே எட்டு எழுத்து, அதே எட்டுக் கட்டம், அதே மூன்றாவது இடத்தில் எல்: ஏ-ஐ-எல்-எம்-இ-என்-டி-எஸ், எயில்மென்ட்ஸ். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். மென் என்ற வால் கண்ணில் பட்டதும் அவன் மேற்கொண்டு தேடவே இல்லை.

சரி, சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் போதுமா என்றால், அதுவும் முழுக்கக் கைகொடுக்காது. துருக்கி அரசவையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவருக்கு டிராகோமன் என்று பெயர். அரபு தர்ஜுமான் திரிந்து வந்தது, நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் தர்ஜுமாவுக்கும் வேர் அதுதான். இதிலும் மேன் இல்லை. ஆனாலும் ஆங்கிலேயர் நாக்கில் புழங்கிப் புழங்கி டிராகோமன்ஸ், டிராகோமென் இரண்டுமே செல்லும். ஆகவே மேன் சொற்களை மூன்று பத்தியாக எழுதிப் படியுங்கள்: மென் ஆகிறவை, எஸ் வாங்குகிறவை, இரண்டும் செல்கிறவை. ஸ்பெசிமென், ஸ்டேமென் போன்றவை ஒருமை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்பெசிமென் பலகையில் கிடந்தால் பின்னால் எஸ் ஒட்டலாம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

பட்டியலை அகரவரிசையில் மனப்பாடம் செய்வது

சொல் தேடும் கருவியில் மூன்று எழுத்தைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் சொற்கள் கொட்டும். அதை அப்படியே ஒப்பித்துப் பயனில்லை, ரேக்கில் எழுத்துகள் கலைந்துதானே வரும். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கிலிருந்து என்னென்ன சொல் வரும் என்று கேட்டுப் பழகுங்கள். மேலே சொன்ன ஏ-இ-ஐ-எம்-என்-எஸ்-டியைப் பார்த்ததும் இன்மேட்ஸ் வர வேண்டும். பொருள் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார்.

சந்தேகம் வந்தும் சேலஞ்ச் செய்யாமல் விடுவது

காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியலை வைத்து நடக்கும் பல போட்டிகளில் தவறான சேலஞ்சுக்கு அபராதம் 5 புள்ளிதான். எதிராளி எழுபது புள்ளியை அள்ளிக்கொண்டு போகும்போது அந்த ஐந்துக்குப் பயப்படாதீர்கள்.

க்யூவை வைத்துக்கொண்டு யூவுக்குக் காத்திருப்பது

வேண்டாம். யூ இல்லாமலே க்யூ-ஐ என்று ஒரு சொல் இருக்கிறது, இரண்டே எழுத்து, வெறும் கட்டத்தில் வைத்தாலும் 11 புள்ளி.