நீண்ட நொர்ஸ்க் சொல்லை வாலில் இருந்து படியுங்கள்

நோர்வேக்கு வந்தவுடன் கைக்கு வரும் கடிதங்களில் ஒப்ஹொல்ட்ஸ்தில்லாதெல்செ (oppholdstillatelse) என்ற நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழிச் சொல்லைப் பார்ப்பீர்கள். இடைவெளி இல்லாமல் 18 எழுத்துகள். வந்த புதிதில் நானும் இதை முன்னால் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்துக் களைத்துப்போனேன்.

வாலைப் பிடியுங்கள். கடைசித் துண்டு தில்லாதெல்செ, அனுமதி. அதற்கு முன்னால் ஒப்ஹொல்ட், தங்கியிருத்தல். ஆக, வதிவிட அனுமதி. ஒப்ஹொல்ட் இருந்த இடத்தில் ஆர்பெய்ட் வந்தால் வேலை அனுமதி. எதைப் பற்றிய பேச்சு என்பதைக் கடைசித் துண்டுதான் சொல்லும். பெயர்ச்சொல்லின் பாலும், அதைக் காட்ட முன்னால் வரும் 'என்', 'எத்' போன்ற சிறு சொல்லும், அதையே பார்த்து வரும்: ஹூஸ், அதாவது வீடு, 'எத்' எடுக்கும், அதனால் ஆஸ்பத்திரியான சீக்கெஹூஸும் 'எத்'. தோட்டமான ஹாகெ 'என்'. அதனால் சிறுவர் பள்ளியான பார்னெஹாகெயும் 'என்'.

நமக்கு இது பழக்கமானதுதான். மல்லிகைப்பூ என்றால் அது பூ. நடுவில் நிற்கும் 'ப்' ஒட்டுவதற்கு மட்டும், பொருள் கிடையாது. நொர்ஸ்கில் அந்த வேலையைப் பெரும்பாலும் 'ஸ்' அல்லது 'எ' செய்கிறது. முதல் துண்டு -இங், -ஹேத், -ஷூன் என்று முடிந்தால் பெரும்பாலும் 'ஸ்' வரும். சீட் பெல்ட்டுக்குச் சொல்லும் சிக்கெர்ஹேத்ஸ்பெல்தெ ஓர் உதாரணம். மற்றச் சொற்களுக்கு விதி தேடி நேரத்தைச் செலவழிக்காமல், சொல்லோடு சேர்த்தே பாடமாக்குவது நல்லது.

வேலை, நலன்புரி உதவிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகமான நாவின் கடிதத்தில் வரும் ஆர்பெய்ட்ஸாவ்க்லாரிங்ஸ்பெங்ஙெர் பயமுறுத்தும். இரண்டு 'ஸ்'ஸிலும் வெட்டிப் பாருங்கள்: வேலை, தெளிவுபடுத்தல், பணம். நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு, அவரால் இனி என்ன வேலை செய்ய முடியும் என்று பார்க்கும் காலத்தில் கிடைக்கும் உதவிப்பணம் அது.

அசை பிரிப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். வாயால் சொல்லும்போது சீ-கெ-ஹூஸ், மூன்று அசை. வரி முடிவில் வெட்டும்போதோ மூட்டில் வெட்ட வேண்டும்: சீக்கெ-ஹூஸ். ஒட்டும் 'ஸ்' எப்போதும் முன் துண்டோடு போகும். இரவு ரயிலான நாத்தோக் இன்னும் அழகு. நாத் இரண்டு 't'யில் முடிகிறது, தோக் ஒரு 't'யில் தொடங்குகிறது. சேர்த்து எழுதினால் இரண்டுதான் மிஞ்சும். வரி முடிவில் பிரித்தால் மூன்றும் திரும்பி வந்துவிடும்.

பேசும்போது முதல் துண்டை அழுத்துங்கள். நாங்கள் எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்லிப் பழகியவர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் காதில் இரண்டு தனிச் சொற்களாக விழும்.

அப்புறம், எழுதும்போது நடுவில் இடைவெளி விடாதீர்கள். ரொய்க்ஃப்ரித் என்று சேர்த்தால் புகைத்தல் இல்லாத இடம். ரொய்க் ஃப்ரித் என்று பிரித்தால் 'தாராளமாகப் புகையுங்கள்'. தந்தப் பலகையில் 'ப்'பை விட்டுவிட்டால் யாரோ தந்த பலகை ஆகிவிடுகிறதே, அதுபோலத்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் அனுப்பும் முன் இதை மட்டுமாவது இன்னொரு முறை பாருங்கள். நோர்வேக்காரர் கண்ணில் முதலில் படும் பிழை இது.