பெட்ரோல் காக்கை மாற்றும் முன் டேங்க் மூடியைச் சோதியுங்கள்

பைக் ஏழெட்டு கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. டேங்கின் அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்பும் பெட்ரோல் காக் போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறார்கள். மறுநாளும் அதே இடத்தில் அதே திணறல். பல வண்டிகளில் காக்கில் குறையே இருக்காது. டேங்குக்குள் காற்று போகும் வழிதான் அடைபட்டிருக்கும். காக் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன் இந்தக் காற்று வழியைச் சோதிக்காவிட்டால் பணமும் நேரமும் வீண்.

15 கிலோ எண்ணெய் டின்னை உடைப்பவர்கள் ஒரு மூலையில் ஓட்டை போட்டதும் எதிர் மூலையில் இன்னொன்று போடுவார்கள். இரண்டாவது ஓட்டை இல்லையென்றால் எண்ணெய் குளுக் குளுக்கென்று விட்டு விட்டுத்தான் வரும். கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டியின் டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது, பம்ப் கிடையாது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டை டேங்க் மூடியில் இருக்கிறது.

அந்த ஓட்டை முழுதாக அடைத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் ஓடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டேங்கில் பெட்ரோல் மட்டம் கார்ப்பரேட்டரைவிட 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 1.5 சதவீதம்தான். டேங்கின் மேல்பாகத்தில் 5 லிட்டர் காற்று இருந்தால், அது 1.5 சதவீதம் விரிந்ததுமே, அதாவது 70 மி.லி. சுமாருக்குப் பெட்ரோல் இறங்கியதுமே, ஓட்டம் நின்றுவிடும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் இன்னும் சற்றுத் தூரம் தாங்கும், அவ்வளவுதான். டேங்க் நிறைய இருந்து மேலே அரை லிட்டர் காற்று மட்டும் இருந்தால் பத்து மி.லி. சுமாரிலேயே மூச்சு முட்டும். 'ஃபுல் டேங்க் அடித்தால்தான் வண்டி நிற்கிறது, பாதி இருந்தால் ஓடுகிறது' என்று யாராவது சொன்னால் நேராக மூடியைப் பாருங்கள்.

இதை ஏர் லாக் என்பார்கள். சாலையிலேயே சோதிக்கலாம். வண்டி நின்றவுடன், காக்கைத் தொடாமல், டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, பத்திருபது வினாடியில் வண்டி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி மூடிதான். சத்தமும் இல்லை, மாற்றமும் இல்லை என்றால் காக், ஓஸ், ஃபில்டர், கார்ப்பரேட்டர் என்று கீழே போங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? கார்ப்பரேட்டர் முனையில் ஓஸைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட பாட்டிலில் விட்டு, மூடியைப் பூட்டியபடி காக்கை ஆனில் வையுங்கள். நிமிடத்துக்கு 200 மி.லி.யாவது வர வேண்டும். 100 சிசி வண்டிக்கு முழு வேகத்தில்கூட இதில் பாதி போதும், ஆனால் 200க்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் தடியாக வந்து போகப்போக நூலாகி, மூடியைத் திறந்ததும் மறுபடி தடித்தால் காற்று வழி அடைப்பு. தொடக்கத்திலிருந்தே நூலாக வந்து, மூடியைத் திறந்தும் அப்படியே இருந்தால் காக்கில் அடைப்பு.

காக்கே கெட்டதற்கான அடையாளங்கள் வேறு. ஆஃபில் வைத்தும் ஓஸ் முனையில் சொட்டுவது முதல் அடையாளம். லீவரைச் சுற்றி ஈரமும் பெட்ரோல் வாடையும் இருந்தால் உள்ளே இருக்கும் துளைகள் கொண்ட ரப்பர் தேய்ந்துவிட்டது. ஆனில் ஓடிய வண்டி, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டிய கட்டமே வராமல் ஒரேயடியாக வறண்டு நின்றால், டேங்குக்குள் நிற்கும் உயரக் குழாய் உடைந்திருக்கிறது. ஆனுக்கு அந்தக் குழாயின் மேல் வாயும், ரிசர்வுக்கு அடித் துளையும்தான் வழி. குழாய் உடைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ரிசர்வில் மட்டும் வராமல் நின்றால், அடியில் சேர்ந்த துருவும் தண்ணீரும் கீழ்த் துளையை அடைத்திருக்கும்.

சொட்டுகிற காக்கைச் 'சொட்டுத்தானே' என்று விடக்கூடாது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசியும் தேய்ந்திருந்தால் இரவு முழுக்க பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். காலையில் டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

<b>வாங்கும்போது</b>

பழைய காக்கைக் கையில் கொண்டுபோவதுதான் நல்லது. ஆர்எக்ஸ்100 போன்ற பழைய யமஹாக்களில் இரண்டு ஸ்க்ரூ போட்ட பட்டை வகை. இதில் ஸ்க்ரூ துளைகளின் மையத்திலிருந்து மையம் அளந்துகொள்ளுங்கள். 34 மி.மீ., 44 மி.மீ. இரண்டும் சந்தையில் உண்டு. பெட்ரோல் வெளியேறும் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் பருமன் உங்கள் ஓஸுக்குப் பொருந்துகிறதா, உள்ளே நிற்கும் குழாயின் உயரம் பழையதுக்குச் சமமா என்று பாருங்கள். குழாய் குட்டையாக இருந்தால் ரிசர்வின் அளவு குறைந்து, நடுவழியில் தள்ளிக்கொண்டு போக நேரும். லீவர் தகடு ஸ்க்ரூ போட்டதாக இருந்தால், காக் உடல் நன்றாக இருக்கும் பட்சத்தில் உள் ரப்பரும் ஓ-ரிங்கும் மட்டும் மாற்றினால் போதும். ரிவெட் அடித்தது என்றால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

ரப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம். 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய ரப்பர்கள் இதில் ஊதும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கிடைத்தால் பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஓ-ரிங் வாங்குங்கள்.

<b>கழற்றுவது</b>

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் பல அடி தள்ளி எரியும் அடுப்பையோ விளக்கையோ தொட்டுவிடும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

ஓஸை உலோகக் கேனில் விட்டு, காக்கை ரிசர்வில் வைத்து டேங்கை முழுதாக வடியுங்கள். தெர்மாகோல் கப்பில் பிடித்தால் கரைந்துவிடும். காக்கே அடைபட்டு வடியாவிட்டால் கை பம்ப் வைத்து மேலிருந்து எடுங்கள், வாயால் உறிஞ்சவே கூடாது. டேங்கின் நடுவில் சேஸிஸுக்கு இடம் விட்ட பள்ளம் இருப்பதால், காக் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தங்கும். வண்டியைக் காக் பக்கம் சாய்த்தால் அதுவும் வந்துவிடும்.

சீட்டைக் கழற்றி, டேங்கின் பின்பக்க போல்ட்டை எடுத்து, பெட்ரோல் மீட்டர் ஒயர் இருந்தால் பிடுங்கி, டேங்கைப் பின்னுக்குத் தூக்கி இழுங்கள். பழைய போர்வையின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் ஸ்க்ரூ தலை சாதாரண ஸ்டார் டிரைவருக்குச் சரியாக அமராது, திருகினால் வழுக்கித் தலை கெடும். ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர முனை போட்டு, தேவைப்பட்டால் இம்பாக்ட் டிரைவரால் ஒரு தட்டு தட்டித் தளர்த்துங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் தளர்த்தி எடுங்கள்.

காக் வெளியே வந்ததும் அதன் வலையைப் பாருங்கள். செம்பழுப்புச் சேறு ஒட்டியிருந்தால் டேங்கில் துரு. அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்கள். துணியில் துகள் விழாத வரை இதையே திரும்பச் செய்யுங்கள். துரு தடித்திருந்தால் புதுக் காக் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், முதலில் டேங்கைச் சரிசெய்யுங்கள்.

<b>மாட்டுவது</b>

டேங்கில் காக் உட்காரும் முகத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் துணுக்கோ பெயின்ட் விளிம்போ தட்டினால் ஒழுகும். மரத்துண்டால் சுரண்டி, 400 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி லேசாகத் தேயுங்கள். ஓ-ரிங்கில் ஒரு துளி ஆயில் தடவி அதன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் அமர்த்துங்கள்.

சிலிக்கான் கம், டெஃப்லான் டேப் எதுவும் இங்கே வேண்டாம். பெட்ரோலில் ஊறிய சிலிக்கான் ஜெல்லியாகப் பிய்ந்து நேராகக் கார்ப்பரேட்டரின் நுண் துளையான ஜெட்டுக்குப் போகும். ஸ்க்ரூக்களுக்கு அடியில் முன்பு நைலான் அல்லது ஃபைபர் வாஷர் இருந்ததா? அதே வகையில் புதிது போடுங்கள். சில டேங்குகளில் ஸ்க்ரூ துளை டேங்குக்குள்ளேயே திறக்கும். அங்கே இரும்பு வாஷர் போட்டால் மரை வழியே கசியும். 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவுதான் அது. ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் பட்டை வளைந்து ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஹார்லியிலும் சில பழைய ஹோண்டாக்களிலும் ஒற்றை நட் வகை வரும். அந்த நட்டில் மேல் பாதி ஒரு மரை, கீழ்ப் பாதி எதிர் மரை. ஒரு திருகலில் காக்கும் டேங்கும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். நட்டைக் காக்கில் இரண்டு சுற்று ஏற்றி, டேங்கின் மரையில் பிடிக்கவைத்து, காக்கைக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். முழுதாக இறுகும் முன்பே ஒரு பக்க மரை முட்டினால் கழற்றி, தொடக்கச் சுற்றை மாற்றிப் போடுங்கள். பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

வண்டியில் ஏற்றும் முன் டேங்கில் அரை லிட்டர் ஊற்றி, செய்தித்தாளுக்கு மேல் இரண்டு கட்டையில் நிறுத்துங்கள். ஆஃபில் 15 நிமிடம். தாளில் ஒரு சொட்டு வட்டம் விழுந்தாலும் மேலே போகாதீர்கள். பிறகு மூக்கில் ஓஸை மாட்டி, அதன் மறுமுனையை மேலே தூக்கிக் கட்டி, ஆனிலும் ரிசர்விலும் ஐந்தைந்து நிமிடம் வைத்து லீவரைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்.

ஓஸைப் புதிதாகப் போடுங்கள். எங்கும் மேலேறி இறங்கும் வளைவு இருக்கக்கூடாது, அங்கே குமிழி தங்கும். இடையில் காகித ஃபில்டர் போடும் பழக்கம் பம்ப் உள்ள வண்டிகளுக்குச் சரி. எடையால் இறங்கும் டேங்குக்கு அதுவே ஒரு தடை. காக்கின் வலை நன்றாக இருந்தால் அது தேவையில்லை.

<b>மூடியின் மூச்சு</b>

மூடியைக் கவிழ்த்தால் உள்பக்கத்தில் ஊசிமுனை அளவுத் துளை தெரியும். அங்கிருந்து காற்று வளைந்து வளைந்து சாவித் துளை அருகே வெளியேறும். தூசி, பாலிஷ் மெழுகு, டேங்குக்குப் பெயின்ட் அடித்தபோது புகுந்த பெயின்ட், மேலே இறுக்கமாகப் போட்ட ரெக்சின் உறை எல்லாம் அதை அடைக்கும். மருந்துக் கடை சலைன் ட்யூபை அந்தத் துளையில் அழுத்தி மெதுவாக ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். சில மூடிகளில், வண்டி விழுந்தால் அடைத்துக்கொள்ள ஒரு சிறு உருண்டை இருக்கும். அதனால் மூடியை டேங்கில் இருக்கும் நிலையிலேயே பிடித்துச் சோதியுங்கள். அடைத்திருந்தால் கார்ப் கிளீனர் பீய்ச்சி, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். ட்ரில் போட்டுப் பெரிதாக்கினால் பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் தெறிக்கும், மழைத் தண்ணீர் இறங்கும்.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இருக்கும் இன்னொரு துளை மழைத் தண்ணீர் வடிவதற்கானது, அதைக் காற்றுத் துளை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அதையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வெயிலில் சூடான டேங்க் மழையில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்றை இழுக்கும். மூடியின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் அதைத்தான் உறிஞ்சும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அந்தத் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து, அடியில் ரிசர்வ் துளையில் போய் நிற்கும்.

அடைப்பு எதிர்த்திசையிலும் வேலை காட்டும். உச்சி வெயிலில் நிறுத்திய டேங்கில் ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கார்ப்பரேட்டர் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். கழுத்து வரை நிரப்புவதும் தவறு. 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் 140 மி.லி. அளவுக்கு விரியும், அதற்கு இடம் விடுங்கள்.

2017இல் பிஎஸ்4 புகை மாசு விதி வந்த பிறகான பல வண்டிகளில் டேங்கின் காற்றுக் குழாய் கரி நிரப்பிய டப்பாவுக்குப் போகும். அங்கே மூடியைத் தேய்த்துப் பயனில்லை. டேங்கை இறக்கி ஏற்றியபோது அந்தக் குழாய் டேங்குக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.