கணினி மாறினால் கணக்கு மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸை விட்டு மேக்குக்கு வந்தபோது படங்கள், பாட்டு, கடிதங்கள் எல்லாம் ஒரே மாலையில் குடிவந்துவிட்டன. வரவு செலவுக் கணக்கு மட்டும் மூன்று வாரம் இழுத்தடித்தது. 11 வருடக் கணக்கு, விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அதனால் முதல் வேலை, பழைய கணினியை அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதில் உட்கார்ந்து, உங்கள் கணக்கு என்னென்ன வடிவத்தில் வெளியே வரும் என்று ஏற்றுமதிப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் சிஎஸ்வி (CSV), க்யூஐஎஃப் (QIF) என்ற இரண்டு கோப்பு வடிவங்களும் இருக்கும். சிஎஸ்வி வெறும் அட்டவணை. ஒரே பில்லை மளிகை, மருந்து, பரிசு என்று மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் அந்தப் பிரிவு அதில் தொலைந்துபோக வாய்ப்பு அதிகம். க்யூஐஎஃப் கணக்கு மென்பொருள்களுக்கென்றே உள்ள வடிவம், அந்தப் பிரிவையும் சுமந்து வரும். ஆனால் எந்த நாணயம் என்பதை அது சொல்லாது. வெளிநாட்டுக் கணக்கு இருந்தால் நீங்கள்தான் பிரித்து வைக்க வேண்டும்.

க்யூஐஎஃப் கோப்பைச் சாதாரண எழுத்துச் செயலியிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு வரியில் தேதி, அடுத்ததில் தொகை, அப்புறம் யாருக்கு, எந்த வகை, கடைசியில் தனியாக ஒரு தொப்பிக் குறி (^). அவ்வளவுதான். தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் அந்த வரிகளை இப்போதே பாருங்கள். என் கோப்பில் ‘அம்மாவுக்கு’ என்று இருந்த இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி நின்றது. பழைய கணினி கையில் இருந்ததால் தப்பித்தேன்.

என்னைப் படுத்தியது தேதிதான். முதலில் சோதித்த மென்பொருள் ஒவ்வொரு வரியாக ஊகித்தது. 25/03 என்பதை மார்ச் 25 என்று சரியாக எடுத்துக்கொண்டது, 05/03 என்பதை மே 3 ஆக்கிவிட்டது. கடைசி இருப்பு அப்படியே டேலி ஆனதால் இரண்டு நாள் எனக்குத் தெரியவே இல்லை. ஆகவே இன்றைய இருப்பை மட்டும் நம்பாமல், நாலைந்து மாதக் கடைசி இருப்புகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்த தொல்லை, கணக்கு விட்டுக் கணக்கு மாற்றும் பணம். க்யூஐஎஃப்பில் அது இரண்டு கணக்கிலும் இருக்கும், எதிர்க் கணக்கின் பெயர் சதுர அடைப்புக்குள். கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றினால் சில மென்பொருள்கள் ஒரே மாற்றத்தை இரண்டு தரம் எழுதிவிடும். எனக்குச் சேமிப்பில் சரியாக 12,000 அதிகம் காட்டியது. வித்தியாசம் இப்படி முழுசாக ஒரு பதிவின் தொகையாகவே இருந்தால் அந்தப் பதிவு இரட்டித்திருக்கும், இல்லை விடுபட்டிருக்கும். அதன் பாதி ஒரு பதிவோடு பொருந்தினால், அந்தப் பதிவில் வரவு என்பது செலவாகவோ செலவு என்பது வரவாகவோ மாறியிருக்கும்.

சரி, எதை எடுப்பது? குனூகேஷ், மணி மேனேஜர் ஈஎக்ஸ் இரண்டும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாளைக்கு மறுபடி கணினி மாறினாலும் கவலை இல்லை. மணி மேனேஜர் ஈஎக்ஸ் எளிது, தினச் செலவு எழுத அது போதும். குனூகேஷ் இரட்டைப் பதிவு முறை. பணம் எங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். நான் அதைத்தான் வைத்துக்கொண்டேன். தேதி எந்த வரிசை என்று புரியாதபோது அது கேட்கிறது, ஊகிப்பதில்லை. எல்லா க்யூஐஎஃப் கோப்புகளையும் ஒரே மூச்சில் கொடுத்தால் இரட்டித்த மாற்றங்களையும் பிடித்துவிடுகிறது. திரையழகில் மதிப்பெண் குறைவுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

விண்டோஸ் மென்பொருள்களை மற்ற கணினிகளில் ஓட்ட உதவும் வைன் (Wine) வழியாகப் பழைய மென்பொருளையே மேக்கில் ஓட்டலாமே என்று தோன்றும். கணக்கை வெளியே எடுக்கும்வரை ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மாதச் சந்தா மென்பொருள்களைச் சோதிக்கும்போது, வங்கியோடு இணைப்பதற்கு முன் ஒரே ஒரு மாதக் கணக்கை ஏற்றி, உடனே அதையே ஏற்றுமதி செய்து பாருங்கள். போட்டது திரும்பி வராவிட்டால் வரைபடம் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். வங்கிக் கணக்கு விவரங்களுக்கான ஓஎஃப்எக்ஸ் (OFX) வடிவக் கோப்பை உங்கள் வங்கி கொடுத்தால் இனி அதையே இறக்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால், ஒரே மாதத்தைத் தவறி இரண்டு தடவை ஏற்றினாலும் மென்பொருளால் கண்டுபிடிக்க முடியும்.

11 வருடத்தையும் கொண்டுவரத்தான் வேண்டுமா? நான் கடைசி மூன்று வருடத்தை மட்டும் ஏற்றி, அதற்கு முந்தையதை ஆண்டுவாரியாகப் பிடிஎஃப் ஆக்கி வைத்துவிட்டேன். இதுவரை இரண்டே தடவைதான் அவற்றைத் திறந்திருக்கிறேன்.