போனில் முதல் கேள்வி: முகவரி

அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர்கள், மசோதா பற்றி அழைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வீட்டு முகவரி. அடுத்து, எந்த அவையின் மசோதா, என்ன எண். ஆதரவா எதிர்ப்பா என்பதைக் கடைசியில் கேட்டால் போதும், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உறுப்பினர் பார்ப்பது தன் தொகுதி வாக்காளர்களின் கணக்கை. ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) மட்டும் போதாது. ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் பிரிந்து கிடக்கலாம். கதவு எண்ணும் தெருவும் இருந்தால் சட்டமன்ற இணையதளத்தின் தொகுதித் தேடலில் உடனே தெரிந்துவிடும். கீழவையிலும் மேலவையிலும் ஒரே எண்ணில் வெவ்வேறு மசோதாக்கள் இருக்கலாம் என்பதால், அவையைக் குறிக்காத பதிவு பெரும்பாலும் வீண். (நெப்ராஸ்காவில் ஒரே அவைதான், அங்கே இந்தத் தொல்லை இல்லை.)

உங்கள் உறுப்பினர் மசோதாக்களை ஆராயும் சட்டமன்றக் குழு ஒன்றின் தலைவராக இருந்தால் வெளித்தொகுதி அழைப்புகளை ஒதுக்காதீர்கள். அந்தக் குழுவின் முன் உள்ள மசோதா என்றால் தனிப் பட்டியலில் எழுதுங்கள். வேலையிழப்பு உதவித்தொகை வரவில்லை போன்ற சொந்தப் பிரச்சினைக்கு இந்த வரிசை உதவாது. பெயர், தொலைபேசி எண் வாங்கி நிரந்தர ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள்.