‘பிரதர்ஸ்’ விளையாட்டை மனம் கரைய விளையாடுவது எப்படி?

2013-இல் ஜோசஃப் ஃபாரஸின் இயக்கத்தில் வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ விளையாட்டைக் கணினியில் விளையாடினாலும் இரு கைகளாலும் பிடித்து இயக்கும் கண்ட்ரோலரையே பயன்படுத்துங்கள்; நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிச் செல்லும் இருவரில் அண்ணனை இடக்கையும் தம்பியை வலக்கையும் இயக்குவதால், அந்தப் பாசம் விரல்களிலேயே பதிந்துவிடுகிறது. ஏறத்தாழ 3 மணி நேரமே நீள்வதால் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். அவர்கள் பேசும் கற்பனை மொழிக்குப் பொருள் தேட வேண்டாம். தாயை நீருக்குப் பறிகொடுத்த தம்பி, நீந்த அஞ்சி, அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டே நீரைக் கடப்பதை மட்டும் ஊன்றிக் கவனியுங்கள். இறுதியில் அவன் தனியாக நீரின்முன் நிற்பான். இதற்குமேல் சொல்வது முறையாகாது. அவ்விடத்தில் எந்த விசையை அழுத்துவதென்று இணையத்தில் தேடாமல், வேலையற்றுக் கிடக்கும் உங்கள் இடக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.